"உங்க வீக்னஸ் என்ன?": சமையல் வேலைக்கு இன்டர்வியூ வந்த கதை

வழக்கமா கோட்டை, கல்வெட்டு, கப்பல்னு சுத்துற நம்ம நிகழ்ச்சி இன்னைக்கு ஒரு சின்ன ரூமுக்குள்ள போகுது. ஒரு மேஜை, ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கேள்வி. இந்த எபிசோட் மொத்தமும் அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

இடம் ஒரகடம். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கிற இடம். ஷிஃப்ட் மாறுற நேரத்துல அங்க போயிருந்தீங்கன்னா கம்பெனி பஸ்ஸைத் தவிர வேற எதுவும் கண்ணுல பட்டிருக்காது. அந்தப் பக்கத்துல சமையல் வேலைக்கு ஆள் தயார் பண்ற ஒரு பயிற்சி மையம் இருக்கு. பேர் வேண்டாம். பெரும்பாலும் கிராமத்துல இருந்து வந்த பசங்க, பொண்ணுங்க. என்கூட வேலை பார்க்குற நண்பர் ஒருத்தர் சனிக்கிழமைகள்ல அங்க போய் உதவி பண்ணுவார். "நீதான் ஆபீஸ்ல ஃப்ரெஷர்ஸை இன்டர்வியூ எடுக்குறியே, வந்து இவங்களுக்கும் மாக் இன்டர்வியூ எடு"ன்னு கூப்பிட்டார். போனேன்.

கையில ஒரு தாள். அதுல அஞ்சு கட்டம்: சுய அறிமுகம், கம்யூனிகேஷன், தன்னம்பிக்கை, தோற்றம், ஆட்டிட்யூட். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க். மூணாவதா வந்தது செய்யாறு பக்கத்துப் பொண்ணு, வயசு 19. "மைசெல்ஃப்"னு ஆரம்பிச்சு மனப்பாடம் பண்ணுன நாலு வரியை ஒரே மூச்சுல சொல்லி முடிச்சுது. அடுத்து நான் கேட்டேன்: "உங்க வீக்னஸ் என்ன?"

அது கொஞ்சம் யோசிச்சுது. "முன்னாடி ரத்தம் கம்மியா இருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க சார். மாத்திரை சாப்பிட்டேன். இப்ப வீக்னஸ் எதுவும் இல்ல. எட்டு மணி நேரம் நின்னு வேலை பார்ப்பேன்."

நண்பர் சிரிச்சார். நானும் சிரிச்சேன். கம்யூனிகேஷன் கட்டத்துல 2 போட்டேன்.

வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப, படப்பை தாண்டுற வரைக்கும் அந்தப் பதில் மண்டையிலயே ஓடுச்சு. அந்தப் பொண்ணு சொன்னதுல என்ன தப்பு? நம்ம வீடுகள்ல வீக்னஸ்னா அதுதானே அர்த்தம்? "புள்ள ரொம்ப வீக்கா இருக்கா, ஒரு டானிக் வாங்கிக் கொடு"ன்னுதானே பேசுறோம்? அதுபோக, சமையல்கட்டுல எட்டு மணி நேரம் நிக்க முடியும்ங்கிறது அந்த வேலைக்கு முதல் தகுதி. கேட்காமலே அதைச் சொல்லிடுச்சு. எனக்குத்தான் அது காதுல ஏறல.

எங்க காலேஜ்லயும் பிளேஸ்மென்ட் சீசனுக்கு முன்னாடி மாக் இன்டர்வியூ நடந்துச்சு. அங்க இதே கேள்விக்கு வகுப்புல பாதிப்பேர் ஒரே பதில்தான் சொன்னோம்: "நான் எல்லாத்தையும் ரொம்ப பர்ஃபெக்டா பண்ணணும்னு நினைப்பேன் சார், அதுதான் என் வீக்னஸ்." யூடியூப்ல பார்த்தது. அது பொய்ன்னு கேட்டவருக்கும் தெரியும், சொன்ன எங்களுக்கும் தெரியும். எனக்கு அஞ்சுக்கு நாலு கிடைச்சுது. பொய் சொன்ன எனக்கு 4, உண்மை சொன்ன அந்தப் பொண்ணுக்கு 2.

சமையல் வேலைக்கு இந்தக் கேள்வி எப்படி வந்து சேர்ந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். தேடுனதுல கிடைச்சதுதான் இந்த எபிசோட்.

கையைப் பார்த்து எடுத்த காலம்

நம்ம ஊர் ஹோட்டல்கள்ல ஒரு மாஸ்டர் எப்படி உருவாவார்? முதல்ல டேபிள் துடைக்கணும். அப்புறம் பாத்திரம் கழுவுறது, வெங்காயம் உரிக்கிறது, மாவு ஆட்டுறது. வருஷம் ஓடுனப்புறம்தான் அடுப்புப் பக்கம் விடுவாங்க. அங்க இருந்து டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர்னு கிளை பிரியும். வேலை கேட்டு வர்ற ஆள்கிட்ட முதலாளி பெருசா எதுவும் கேட்க மாட்டார். "இன்னைக்கு ஒரு நாள் நின்னு பாரு." அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள்ள கை எப்படின்னு தெரிஞ்சிடும்.

மெட்ராஸோட பெரிய உதாரணம் உட்லண்ட்ஸ் கிருஷ்ணா ராவ். உடுப்பிப் பக்கத்துல இருந்து 1920கள்ல மெட்ராஸ் வந்தவர். இன்னொருத்தர் ஹோட்டல்ல சமையல்கட்டு எடுபிடியா ஆரம்பிச்சார். 1930கள் முடியுறதுக்குள்ள ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஹோட்டலையே தொடங்கிட்டார். அவர்கிட்ட யாரும் "அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பார்க்குறீங்க?"ன்னு கேட்டிருக்க மாட்டாங்க.

கேட்க அழகா இருக்குல்ல? கையைப் பார்த்தாங்க, வேலை கொடுத்தாங்க. ஆனா இந்தக் கதையில ஒரு ஓட்டை இருக்கு. அந்த ஒரு நாள் நின்னு பார்க்குற வாய்ப்பு யாருக்குக் கிடைச்சுது? சொந்தக்காரனுக்கு, ஊர்க்காரனுக்கு, அதே சாதிக்காரனுக்கு. யார் சமைக்கலாம், யார் சமைச்சதை யார் சாப்பிடலாம்ங்கிறதெல்லாம் அன்னைக்குச் சமையல்கட்டு வாசல்லயே முடிவாயிடும். மெட்ராஸ் ஹோட்டல் வாசல்கள்ல "பிராமணாள்"னு பலகை தொங்குன காலம் அது. 1957ல திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னாடி பெரியார் மறியல் ஆரம்பிச்சார். மாசக்கணக்குல நடந்துச்சு, நூத்துக்கணக்கானவங்க கைதானாங்க. கடைசியில அந்தப் பலகை இறங்குச்சு.

அதனால பழைய முறையை ரொம்ப ஏங்கிப் பார்க்க வேண்டாம். முதலாளிக்குத் தெரியாத வீட்டுல பிறந்த ஒருத்தர் உள்ள வரணும்னா, அறிமுகம் இல்லாதவங்களுக்கும் திறக்குற ஒரு கதவு வேணும். விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல். இன்டர்வியூங்கிறது அந்த வகையில ஒரு நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா அந்தக் கதவுல போட்ட பூட்டு எங்கயோ செஞ்சது.

எடிசனோட கேள்வித்தாள்

வேலை கேட்டு வர்றவனை உட்கார வெச்சுக் கேள்வி கேட்டு வடிகட்டுற பழக்கத்தைப் பத்திப் பேசுனா 1921 அமெரிக்காவைத் தவிர்க்க முடியாது. தாமஸ் எடிசன் தன்கிட்ட வேலைக்கு வர்ற படிச்ச இளைஞர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். கிட்டத்தட்ட 150 கேள்விகள். பூகோளம், வரலாறு, எந்தப் பொருள் எங்க இருந்து வருதுன்னு எல்லாம் கலந்து. கேள்விகள் பத்திரிகையில வெளியாகி ஊரே பேசுச்சு. அந்த நேரம் பாஸ்டன் வந்திருந்த ஐன்ஸ்டீன்கிட்ட அதுல ஒண்ணைக் கேட்டாங்க: ஒலியோட வேகம் என்ன? புத்தகத்துல கிடைக்குற விஷயத்தை நான் மண்டையில வெச்சுக்கிறதில்லைன்னு சொல்லிட்டார். எடிசன் கணக்குப்படி அந்தக் கேள்விக்கு ஐன்ஸ்டீனுக்கும் மார்க் கிடையாது.

இதுல நமக்கு வேண்டியது ஒண்ணுதான். கேள்வி கேட்குறவர் தனக்குத் தெரிஞ்ச உலகத்துல இருந்து கேட்குறார். அந்த உலகத்துல வளர்ந்தவனுக்குப் பதில் தானா வரும். வளராதவன் அந்த வேலைக்கு லாயக்கு இல்லாதவனா தெரிவான். ஒரகடத்துல நான் பண்ணுனதும் இதேதான்.

பம்பாய் 1954, தரமணி 1963

இப்ப இந்தியாவுக்கு வருவோம். சுதந்திரம் வந்த புதுசு, உணவுப் பஞ்சம் இருந்த காலம். அகில இந்திய மகளிர் மத்திய உணவுக் குழுன்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. அதுக்குத் தலைமை லீலாவதி முன்ஷி. அவங்க முயற்சியில 1954ல பம்பாய்ல ஒரு கேட்டரிங் கல்லூரி ஆரம்பமாச்சு. இந்தியாவோட முதல் ஹோட்டல் மேனேஜ்மென்ட் நிறுவனம் அதுதான். சென்னையில நம்ம தரமணியில இருக்குற நிறுவனம் 1963ல வந்துச்சு. அதோட முழுப் பேரைக் கவனிங்க: இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹோட்டல் மேனேஜ்மென்ட், கேட்டரிங் டெக்னாலஜி அண்ட் அப்ளைடு நியூட்ரிஷன். ஹோட்டல் படிப்புல ஊட்டச்சத்து எதுக்கு? ஏன்னா இந்த நிறுவனங்கள் முதல்ல இருந்தது உணவுத் துறை கையில. நாட்டுக்குச் சோறு போடுறதும் அந்தப் படிப்போட வேலையா இருந்துச்சு. 1980கள்லதான் சுற்றுலாத் துறை கைக்குப் போச்சு.

அதுக்கு நடுவுல சென்னையில நட்சத்திர ஹோட்டல்கள் வர ஆரம்பிச்சிடுச்சு. 1974ல தாஜ் கோரமண்டல். 1975ல ஐடிசியோட முதல் ஹோட்டலான சோழா. இவ்வளவு பெரிய இடத்துல முதலாளியே சமையல்கட்டு வாசல்ல நின்னு "ஒரு நாள் நின்னு பாரு"ன்னு சொல்ல முடியாது. பணியாளர் துறைன்னு ஒண்ணு இருக்கும். சட்டை இஸ்திரி, நகம், முடி, ஆங்கிலம், நிக்குற விதம், எல்லாத்தையும் பார்ப்பாங்க. விருந்தினர் முன்னாடி நிக்கப்போற வேலைக்கு அதுல நியாயமும் இருக்கு. சமையலுக்குத் தனியா ஒரு ட்ரேடு டெஸ்ட். பொருளைக் கொடுத்து, நேரம் கொடுத்து, சமைக்கச் சொல்லிப் பார்ப்பாங்க. பழைய கைப் பரீட்சை இந்தப் புதுப் பேர்ல பிழைச்சுக்கிச்சு. இப்ப ரெண்டு கதவு. ஒண்ணுல வாய் பேசணும், இன்னொண்ணுல கை பேசணும். வாய் தோத்துட்டா கைக்கு வாய்ப்பே வராமப் போகலாம்.

ஒத்திகை எப்ப வந்துச்சு?

வாய்க்கு ஒத்திகை கொடுக்கணும்ங்கிற யோசனைக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1975ல அமெரிக்காவோட இல்லினாய் மாநிலத்துல நேத்தன் அஸ்ரின்னு ஒரு உளவியல் ஆய்வாளர், கூட்டாளிகளோட சேர்ந்து ஒரு சோதனை பண்ணுனார். வேலை தேடுறவங்களை ரெண்டு பகுதியா பிரிச்சாங்க. ஒரு பகுதி வழக்கம்போல தனித்தனியா தேடுச்சு. இன்னொரு பகுதி தினமும் ஒண்ணா உட்கார்ந்துச்சு. ஒருத்தர் போன் பேசுறதை இன்னொருத்தர் கேட்டுத் திருத்துனாங்க, இன்டர்வியூவை ஒத்திகை பார்த்தாங்க, விலாசங்களைப் பகிர்ந்துக்கிட்டாங்க. ரெண்டு மாசத்துல கூட்டா தேடுனவங்கள்ல 90 சதவீதம் பேருக்கு வேலை. தனியா தேடுனவங்கள்ல 55 சதவீதம். "ஜாப் கிளப்"னு பேர் வெச்சாங்க.

இதுல நான் கவனிச்ச விஷயம், அங்க ஒத்திகைங்கிறது பரீட்சை இல்ல. மார்க் போட யாரும் வரல. வேலை இல்லாத ஒருத்தர் வேலை இல்லாத இன்னொருத்தருக்கு உதவி பண்ணுனார்.

சமையல் மாணவர்களுக்குன்னே இதைச் செஞ்ச இடமும் உண்டு. 1990ல நியூயார்க்ல ரிச்சர்ட் கிராஸ்மன்னு ஒரு சமையல் ஆசிரியர் சி-கேப்னு ஒரு அமைப்பைத் தொடங்குனார். அரசுப் பள்ளிகள்ல படிக்குற, வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமையலோட சேர்த்து வேலைக்கான தயாரிப்பும் கொடுக்குறதுதான் நோக்கம்.

நம்ம நாட்டுல இது அரசாங்கத் திட்டமாவே வந்துச்சு. 2009ல மத்திய சுற்றுலா அமைச்சகம் "ஹுனர் சே ரோஜ்கார் தக்"னு ஒண்ணு ஆரம்பிச்சுது. திறமையில இருந்து வேலை வரைக்கும்னு அர்த்தம். எட்டாவது படிச்சிருந்தாப் போதும், சில வாரத்துல சமையலோ பரிமாறலோ கத்துக்கலாம். 2014ல கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாய திட்டம். அதுல தொழிலோட அடிப்படை ஆங்கிலம், கம்ப்யூட்டர், பேச்சுப் பழக்கம் எல்லாம் கட்டாயம். தமிழ்நாட்டுல 2022 மார்ச்ல நான் முதல்வன். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களைத் தாட்கோ தன் செலவுல தரமணி நிறுவனத்துலயே சேர்த்துப் படிக்க வைக்குது. 1957ல எந்த வாசல்ல மறியல் நடந்துச்சுன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு இதைப் பாருங்க. இது சின்ன மாற்றம் இல்ல.

ஆனா தீன் தயாள் திட்டத்துல ஒரு நிபந்தனை இருக்கு: பயிற்சி முடிச்சவங்கள்ல குறைஞ்சது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுக்கணும். நல்ல நிபந்தனைதான். இல்லைன்னா சான்றிதழ் மட்டும் அச்சடிச்சுக் கொடுத்துட்டுப் போயிடுவாங்க. அதே நேரம், எண்ணிக்கைக்கு ஓடுற எந்த மையத்துலயும் மாக் இன்டர்வியூ சுருங்கிடும். நாலு வரி மனப்பாடம், ஒரு சட்டை, ஒரு சிரிப்பு, அடுத்த ஆள். நான் தாளை எடுத்துக்கிட்டுப் போனப்ப அந்தச் சுருங்குன வடிவத்தைத்தான் கொண்டு போனேன்.

ஒரகடத்துக்கு யார் சமைக்கிறது?

இந்த இடத்துக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். கார், போன், லாரி, டயர்னுதானே ஒரகடத்தைத் தெரியும்? 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்துச்சு. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா திறந்து 2014ல மூடுச்சு. 2010ல ஒரகடத்துல ரெனோ நிசான், 2012ல டைம்லர் லாரி, 2013ல ராயல் என்ஃபீல்டு. வரிசையா வந்துச்சு.

இந்த ஒவ்வொரு கேட்டுக்குள்ளயும் ஒரு சமையல்கட்டு இருக்கு. 1948ம் வருஷத்து தொழிற்சாலைகள் சட்டம், 46வது பிரிவு: 250 பேருக்கு மேல வேலை செய்ற தொழிற்சாலைகள்ல கேன்டீன் வைக்கணும்னு அரசு விதி போடலாம்னு சொல்லுச்சு. அதே பிரிவுல இன்னொண்ணும் இருந்துச்சு. கேன்டீனை நடத்த ஒரு நிர்வாகக் குழு, நிர்வாகத்துல தொழிலாளர்களுக்கும் பிரதிநிதித்துவம், இதுக்கும் அரசு விதி போடலாம்னு இருந்துச்சு. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கேன்டீன் கணக்கு நட்சத்திர ஹோட்டல் கணக்கு இல்ல. நூறு பேருக்கு 12, 15 கிலோ அரிசி போகும். மூணு ஷிஃப்ட். நடுராத்திரியிலயும் சூடா வேணும். அதுக்கு மேல ஹாஸ்டல்கள். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல சிப்காட் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு சின்ன ஊரே அங்க சாப்பிடுது.

அங்க தப்பு நடந்தா என்ன ஆகும்னு நாம பார்த்திருக்கோம். 2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல ஐபோன் செய்யுற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பெண்கள் தங்குன ஒரு விடுதியில, உணவு ஒத்துக்காம 250க்கு மேல பேருக்கு உடம்பு முடியாமப் போச்சு. 159 பேரை ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. கூட வேலை பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. ஆலை மூடி, ஜனவரி மாசம்தான் மறுபடி திறந்துச்சு. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன்னோட தரத்துல இல்லைன்னு ஆப்பிளே ஒத்துக்கிச்சு.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு ரொம்ப எளிது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல சாப்பாடு இருந்தா கிருமி வேகமா பெருகும். அந்த நடுவுல சாம்பாரை விடாம இருக்கணும். அதுக்கு ஒரு ஆள் கவனமா இருக்கணும், தைரியமா இருக்கணும். அந்த ஆளைத்தான் நான் "உங்க வீக்னஸ் என்ன?"ன்னு கேட்டு வடிகட்டிக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது சனிக்கிழமை

ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது. வேலைக்கு எடுக்குறப்ப பண்ணுன கணிப்பு, பின்னாடி அவங்க வேலை செய்ற விதத்தோட எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பல வருஷமா அளந்திருக்காங்க. 2022ல பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டாங்க. 1 வந்தா முழுசாப் பொருந்துது, 0 வந்தா சம்பந்தமே இல்லைன்னு வெச்சுக்கோங்க. வாய்க்கு வந்த கேள்வி கேட்குற இன்டர்வியூவுக்கு 0.19. வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்குறதுக்கு 0.33. வேலையில இருந்தே எடுத்த கேள்விகளை எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேட்டு, எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க்னு முன்னாடியே முடிவு பண்ணி நடத்துற இன்டர்வியூவுக்கு 0.42. எதுவுமே 1 பக்கத்துல கூட இல்ல. ஆனா 0.19க்கும் 0.42க்கும் நடுவுல நிறைய பேரோட வாழ்க்கை இருக்கு.

ரெண்டாவது சனிக்கிழமை போனப்ப பழைய தாளைக் கொண்டு போகல. அங்க பாடம் எடுக்குற செஃப் பக்கத்துல உட்கார்ந்து கேள்விகளைத் திரும்ப எழுதுனோம். பெரும்பாலும் அவர்தான் சொன்னார், நான் எழுதிக்கிட்டேன்.

ஒண்ணு: மதியம் 300 பேருக்குச் சாப்பாடு, காலையில ஒன்பதரைக்கு கேஸ் தீர்ந்துபோச்சு, முதல்ல என்ன பண்ணுவீங்க? ரெண்டு: காய் நறுக்குற ஆளுக்கு விரல் வெட்டுப்பட்டுச்சு, ஆள் பத்தாத நாள், என்ன பண்ணுவீங்க? மூணு: பொரியல்ல உப்பு கூடிடுச்சு, பத்து நிமிஷத்துல ஷிஃப்ட் வந்துடும். நாலு: மதியம் மிஞ்சுன சாம்பாரை ராத்திரி சாம்பாரோட கலந்துடுன்னு சூப்பர்வைசர் சொல்றார். அஞ்சு: எங்களைக் கேக்க உங்ககிட்ட என்ன கேள்வி இருக்கு?

தமிழ்லயே பதில் சொல்லலாம். ஒருத்தர் உட்கார்றப்ப மத்தவங்க வெளிய காத்திருக்க வேண்டாம், உள்ளயே உட்கார்ந்து கேட்கலாம். இது அஸ்ரின்கிட்ட இருந்து எடுத்தது.

பழைய கேள்விகளையும் தூக்கிப் போடல. வெளிய நிஜமான இன்டர்வியூல அதைக் கேட்பாங்கன்னா, அந்த மொழியைச் சொல்லிக் கொடுக்காம விடுறது துரோகம். போர்டுல எழுதுனேன்: வீக்னஸ்னு ஹெச்.ஆர். கேட்டா, "இன்னும் நீங்க கத்துக்க வேண்டியது என்ன?"ன்னு அர்த்தம். எழுதிட்டு, போன வாரம் நான் சிரிச்சது தப்புன்னு அந்தப் பொண்ணுகிட்ட எல்லார் முன்னாடியும் சொன்னேன். "பரவால்ல அண்ணா"ன்னுச்சு. போன வாரம் சார், இந்த வாரம் அண்ணா.

அதோட முறை வந்துச்சு. 300 பேர் கேள்விக்கு அது பதில் சொல்றதுக்கு முன்னாடி என்னையே கேட்டுச்சு: "டே ஷிஃப்டா, நைட் ஷிஃப்டா அண்ணா? நைட்னா சாதம் கம்மியாத்தான் போகும்." செஃப் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு எங்க தாள்ல கட்டமே இல்ல.

சாம்பார் கேள்வி. "எத்தனை மணிக்கு இறக்குனது, சூடு போகாம வெச்சிருந்தாங்களா, வெளிய இருந்துச்சான்னு கேட்பேன். வெளிய இருந்துச்சுன்னா கலக்க மாட்டேன். பருப்பு இருக்கு, புதுசு சீக்கிரம் வெச்சிடுறேன்னு சொல்வேன்."

"அதெல்லாம் வேண்டாம், கலன்னு சொன்னா?"

பதில் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு, "தெரியல அண்ணா. வேலை போயிடும்ல?"

ரூம்ல யாரும் பேசல. என்கிட்டயும் பதில் இல்ல. சாஃப்ட்வேர்ல தப்பான கோடைப் போடச் சொன்னா மெயில்ல ஒரு வரி எழுதி வெச்சுக்குவோம், நமக்கு வேற வேலையும் கிடைக்கும். இந்தப் பொண்ணு அனுப்புற காசுலதான் வீட்டுல தம்பி படிக்கப்போறான். செஃப்தான் பேசுனார். "கத்த வேண்டாம். நோட்டுல நேரத்தையும் சூட்டையும் எழுதிடு. எழுதுனதை அவர்கிட்டயே காட்டு. எழுதி வெச்சதுக்கு மேல கலக்கச் சொல்றதுக்கு யாரும் யோசிப்பாங்க. அப்பவும் சொன்னா மேல இருக்குறவர்கிட்ட போ. தனியாப் போகாத, இன்னொரு ஆளைக் கூட்டிட்டுப் போ."

அப்பதான் எனக்கு அந்த 46வது பிரிவு ஞாபகம் வந்துச்சு. கேன்டீன் நிர்வாகத்துல தொழிலாளர் பிரதிநிதித்துவத்துக்கு 1948லயே வழி எழுதுனவங்களுக்கு, இந்தச் சாம்பார் பிரச்சினை தெரிஞ்சிருக்கணும். சாப்பிடுறவங்களுக்கு அங்க ஒரு நாற்காலி இருந்தா, சமைக்கிறவங்க தனியா நிக்க வேண்டாம். அதனால அஞ்சாவது கேள்விக்கு ஒரு பட்டியல் சேர்ந்து போட்டோம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? நைட் ஷிஃப்ட் முடிஞ்சா வண்டி உண்டா? கேன்டீன் கமிட்டி இருக்கா? மிஞ்சுன சாப்பாட்டை என்ன பண்ணுவீங்க?

சில வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சு. ஒரு கேட்டரிங் காண்ட்ராக்ட்காரங்க இன்டர்வியூ. மொத்தம் மூணு நிமிஷமாம். வீட்டுல எத்தனை பேர், நைட் ஷிஃப்ட் பரவாயில்லையா, எப்ப சேருவ. சாம்பாரும் கேட்கல, வீக்னஸும் கேட்கல. கடைசியில மட்டும், "ஏதாவது கேட்கணுமாம்மா?"ன்னு கேட்டிருக்கார்.

"மிஞ்சுன சாப்பாட்டை என்ன சார் பண்ணுவீங்க?"ன்னு கேட்டுச்சாம்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அதெல்லாம் சேர்ந்தப்புறம் சொல்வாங்க"ன்னு சொல்லிட்டு, அடுத்த திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கார். "போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன் அண்ணா"ன்னு போனை வெச்சிடுச்சு. இந்த எபிசோடைப் பதிவு பண்ற வரைக்கும் இன்னும் சொல்லல.

கேட்டுக்கிட்டு இருக்குற உங்கள்ல நிறைய பேர் ஆபீஸ்ல இன்டர்வியூ பேனல்ல உட்கார்றவங்க. சனிக்கிழமை ஒரு பயிற்சி மையத்துக்குப் போகக் கூப்பிட்டா போங்க, கட்டாயம் போங்க. ஆனா போறதுக்கு முந்தின நாள், அந்த வேலையைச் செய்ற ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்விகளை வாங்கிக்கிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.